வழக்கில் பிணம் இல்லை

ரோகிட்சனிக்கு வடக்கே, ஓசெக் வயல்களில்
பீட் கிழங்கு எடுத்த பிறகு ட்ராக்டர் ஓடும்.
அதன்பின் இரண்டு மழை வேண்டும்.
மூன்றாம் நாள் காலையில்
மண் கழுவிய கறுப்பு உருண்டைகள் தலைகாட்டும்.
உருளைக்கிழங்கு என்று குனிபவர்கள் உண்டு.
நாங்கள் சுத்தியலோடு குனிகிறோம்.

இது நான் பொறுக்கியதல்ல.
தபால்காரர் ஒடகார் விம்பெர்ஸ்கி
கடிதப் பையின் அடியில் போட்டுக் கொண்டுபோனது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, அக்டோபர்.
ஒரே அடி. இரண்டு பாதி.
உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு ட்ரைலோபைட்,
அதன்மேல் குறுக்கும் நெடுக்கும்
யாரோ நூலைச் சிந்தியதுபோல் கோடுகள்.
சீட்டில் பென்சிலால் எழுதினார்: நரம்புகள்.
கேள்விக்குறி இல்லை.
முகவரியைச் சந்தேகிக்கிறவர்
தபால் கொடுக்க முடியாது.

அறுபத்தெட்டில் வேறு கை, நீல மை:
குடல், கடைசி உணவுடன்.
அதற்குப் பின்னால் வந்தவர் சிவப்பில்:
கடித்த தடம்.
அடிக்கோடு இரண்டு முறை, தாள் கிழிய.
மூன்று சீட்டுகளும் ஒரே அட்டைப்பெட்டியில்,
பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள்போல.

விளக்கைத் தாழ்த்தி இடப்பக்கம் நகர்த்தினேன்.
சாய்ந்த வெளிச்சத்தில் கோடுகள் எழுந்துகொண்டன.
நரம்பென்றால் இடமும் வலமும் ஒத்திருக்கும்.
குடலென்றால் நடுமுதுகோடு போகும்,
இப்படிக் கன்னத்தில் ஏறிச் சுற்றாது.
கடியென்றால் ஓடு உடைந்திருக்கும்.
உடைவு ஒன்று இருக்கிறது, வால் ஓரத்தில்.
அது நேற்று என் ஊசி செய்தது.
குறிப்பேட்டில் தேதியோடு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு கோடும் அதே அகலம்.
கிளைக்கிறது, ஓட்டின் விளிம்பு வரை போகிறது,
முட்டுகிறது, திரும்புகிறது.
பொஹீமியா அப்போது தென்துருவத்துப் பக்கம்,
குளிர்ந்த சேற்றுக் கடல்.
கவிழ்ந்து கிடந்த ஓட்டின் உட்புறம் சேறு நிறைய,
சேற்றுக்கும் ஓட்டுக்கும் நடுவே
ஏதோ ஒன்று குடைந்துகொண்டே போயிருக்கிறது.
புழு என்று எழுதக் கை வருகிறது.
புழுவை யார் கண்டது?
அதன் உடம்பில் கல்லாகும்படி ஒன்றுமில்லை.
அது மனம் மாறிய இடங்கள் மட்டும் பாக்கி.

வியாழக்கிழமை, தபால்காரரின் மருமகள்
ட்ராஹோமீரா வந்தார்.
ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.
நுண்நோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"வலித்திருக்குமா?"

கன்னங்களைக் காட்டினேன். இரண்டும் இல்லை.
தையல் பிரிவதுபோல் அவை கழன்று விலக,
முகத்தின் வழியே வெளியேறி
மெத்தென்ற புது உடம்போடு அது போய்விட்டது.
இது உரித்துப் போட்ட சட்டை.
நூறு வருடமாக நாங்கள்
பிணமில்லாத வழக்கை விசாரித்திருக்கிறோம்.

"வெறும் சட்டையில் அந்தப் புழு என்ன தின்றது?"
நல்ல கேள்வி. ராடோவானைக் கேட்டால்
பாக்டீரியாவைப் பயிரிட்டு மேய்ந்தது என்பான்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

நான் அவரிடம் சொல்லாதது ஒன்று:
எல்லாக் கோடும் விளிம்பில் திரும்பும்போது
ஒன்று மட்டும் திரும்பவில்லை.
தலையின் முன்னோரத்தைத் தாண்டி வெளிச்சேற்றில் இறங்கி,
கல் உடைந்த முகத்தில் நின்றுவிடுகிறது.
மிச்சம் மற்ற பாதியில் இருக்கவேண்டும்.
மற்ற பாதி எங்கள் பெட்டியில் என்றுமே இருந்ததில்லை.

நான்காவது சீட்டை எழுதிக்கொண்டே,
பென்சிலால்தான்,
சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"அதுவா?" என்றார் ட்ராஹோமீரா.
"கோழிக்கூட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும்.
மாமா காலத்திலிருந்து அதுதான் முட்டுக்கல்."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
மழை விட்டிருக்கவில்லை.
குடை அவரிடம் இருந்தது.